டீக்கலரும் ஒற்றைக் கொலுசும்

"செப்பியா. வெள்ளி, மதியத்துக்கு மேல். கடல் காத்து."

என் மேசை மேல் இருக்கும் ஒரு பழைய போட்டோவின் பின்பக்கத்தில், பென்சிலில், நாங்கள் நைனா என்று கூப்பிட்ட என் அப்பா எழுதிய குறிப்பு இது. மாதமும் வருடமும் எழுதியிருந்தார். ஃபிரேம் போட்டவர் அந்த மூலையில் மைதாப் பசையைத் தடவ, பசையோடு சேர்த்து மாதத்தையும் வருடத்தையும் பூச்சி தின்றுவிட்டது. தேதி இல்லாத காகிதம் எனக்குச் சட்டைப் பட்டன் இல்லாத மாதிரி. கை அங்கேயே போகும். எனவே சுற்றி வளைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம். எண்பதுகளின் தொடக்கம். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சுவரில் பழுப்பு நிறப் போட்டோ ஏதாவது தொங்கினால், கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். காற்றின் திசை எழுதியிருந்தால் அது எங்கள் ஸ்டுடியோவில் போட்டது. போட்டோ பிடிக்கிறவர் எதற்குக் காற்றை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம் போகும் தெருவில் கடைசிக் கட்டடம் எங்களுடையது. முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. எங்களுக்கு மேற்கே ஒரு காலி மனை, அதற்கப்பால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஃபாக்டரிகள். கிழக்கே தெரு, நடுவில் நாங்கள், மேற்கே ஃபாக்டரி. மேற்கிலிருந்து காற்றடித்தால் ஃபாக்டரி வாசனையும் எங்கள் வாசனையும் ஒரே வழியாகத் தெருவுக்குள் நுழையும். கடல் பக்கமிருந்து அடித்தால் இரண்டும் தெருவை விட்டு விலகிப் போகும். இந்த வரிசை மட்டும் ஞாபகத்தில் இருந்தால் போதும்.

ஃபாக்டரிகள் வந்ததால்தான் ஸ்டுடியோ பிழைத்தது. கேட் பாஸுக்கு ஸ்டாம்ப் சைஸ் போட்டோ வேண்டும். சுற்றுவட்டாரக் கழனிகளில் கூலி வேலை பார்த்தவர்கள் காலில் சேற்றோடு வருவார்கள். எங்கள் குழாயடியில் முகம் கழுவி, நைனா வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்தால் எல்லோருக்கும் அந்தச் சட்டை பொருந்தும். அந்த வருடம் பாதி ஊர் அதே சட்டையில்தான் வேலைக்குச் சேர்ந்தது.

ஸ்டாம்ப் சைஸ் சோறு போட்டது. ஆனால் நைனாவுக்குப் பெருமை செப்பியாவில்தான். மெட்ராஸில் போட்டோ மருந்து வாங்கும் கடையில் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்த படத்தை இரண்டு தட்டுத் தண்ணீரில் போட்டு எடுத்தால் கறுப்பெல்லாம் பழுப்பாகும். முதல் படத்தை எதிர் டீக்கடையில் கொண்டுபோய்க் காட்டினார். டீக்கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, எங் கட டீய ஊத்திட்டியா? கொஞ்சம் தண்ணியா கீதே."

அன்றிலிருந்து ஊரில் அதற்குப் பெயர் டீக்கலர். "எங்க நைனாவுக்கு ஒரு டீக்கலரு போட்டுக் குடுங்க" என்று கேட்டு வருவார்கள். சுவரில் மாலை போடுகிற படமென்றால் டீக்கலர்தான் என்று ஆகிவிட்டது. "கறுப்பு வெள்ள ஒரு நாள் வெளுத்துடும்மா. இது வெளுக்காது. மனுசன் போனாலும் இவன் நிப்பான்" என்று நைனா ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். சொல்லும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

அந்தக் கோடை லீவில்தான் டார்க் ரூமுக்குள் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது. உண்மையில் இப்படி நிறம் மாற்றும் டோனிங்குக்கு இருட்டு வேண்டியதில்லை. விளக்குப் போட்டுக்கொண்டே செய்யலாம். ஆனால் பொன்னேரி ஸ்டுடியோக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் நைனா அதையும் டார்க் ரூமிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். எலுமிச்சை நிறத் தண்ணீர் உள்ள முதல் தட்டில் படத்தை மெதுவாக இறக்குவார். முதலில் சட்டை மடிப்பின் சாம்பல் நிறம் போகும். பிறகு கன்னம், கழுத்து. கடைசியாக மீசையும் தலைமுடியும் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல நிற்கும். அதுவும் கரைந்து, வைக்கோல் நிறத்தில் ஒரு நிழல்தான் மிஞ்சும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, இரண்டாவது தட்டில் போட்டதும், யாரோ உள்ளேயிருந்து தள்ளியதுபோல ஆள் சட்டென்று பழுப்பில் எழுந்து வருவார்.

அந்த இரண்டாவது தட்டுதான் நாறும். அழுகின முட்டை நாற்றம். ஒரு நாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டபோது நைனா கேட்டார், "இன்னாத்துக்கு மூக்க புடிச்சிக்கினு நிக்கற? சளியா?" விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த வாயுவைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். நைனாவுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

தெரியாமல் போனது அது மட்டுமல்ல. அதே வாயு பட்டு, அந்த அறையில் வைத்திருந்த புதுப் போட்டோ பேப்பர்களின் ஓரம் எல்லாம் சாம்பல் பூத்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நைனா ரயிலேறி மெட்ராஸ் போய்ச் சண்டை போட்டார். முதல் முறை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, "சார், வேற கடை பாத்துக்கங்க" என்றார்கள். கோபமாகத் திரும்பி வந்து, அதே அறையில், அதே தட்டுக்குப் பக்கத்திலேயே புதுப் பேப்பரை அடுக்கினார். என் கொலுசும் அப்போது அடிக்கடி கறுத்தது. அம்மா விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "எந்தச் சாக்கடையில கால வுட்ட?" என்று முதுகில் ஒன்று வைப்பாள். நான் எந்தச் சாக்கடையிலும் கால் விடவில்லை. ஆனால் சாக்கடை என்று அவள் சொன்னதில் பாதி சரி. வேலை முடிந்ததும் நைனா இரண்டாவது தட்டுத் தண்ணீரையும், போட்டோ கழுவிய ஹைப்போ தண்ணீரையும் ஒன்றாகப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றுவார். இரண்டும் சேர்ந்தால் நாற்றம் பல மடங்காகும். அந்தச் சாக்கடை தெருவில் எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டுதான் ஓடியது.

பங்குனி முடியும்போது தெருவே மூக்கைப் பிடித்தது. அழுகின முட்டை நாற்றம் என்றால் யார்மேல் பழி விழும்? டீக்கடைக்குப் பக்கத்தில், மூங்கில் கால் நட்டு, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த முட்டைக்காரம்மா மேல்தான் விழுந்தது. நாட்டு முட்டை கூடையிலும், அவித்த முட்டை ஒரு பெரிய அலுமினிய டப்பாவிலும் வைத்து விற்பார். புருஷன் காய்ச்சலில் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் மிளகுத்தூள் தூவிய இரண்டு முட்டையை வாங்கிக்கொண்டுதான் டீ குடிப்பார்கள். அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவர் கண்ணாடி டம்ளரை வைத்து, எல்லோர் முன்னாலும் முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார்.

"மோந்து பாருய்யா! வந்து மோந்து பாரு! எங்க நாறுது?"

டம்ளரில் நாற்றமில்லை. தெருவில் இருந்தது. யாரும் வாங்கவும் இல்லை. உடைத்த முட்டைகளை டீக்கடைக்காரர் ஆம்லெட் போட்டு, தானே சாப்பிட்டார். கூடை குறையாமல் முட்டைக்காரம்மா வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன்.

பிறகு பழி இடம் மாறியது. எங்கள் தெருவில் ஒருவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றவர். அதனால் அவருக்குப் பெயர் தலைவர். "முட்ட இவ்ளோ தூரம் நாறாதுய்யா. இது ஃபாக்டரி" என்று அவர் அறிவித்தார். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குத் தெருவே போய் கேட்டை மறிப்பது என்று முடிவாயிற்று. தலைவர் அட்டைகளில் சிவப்பு மையில் எழுதத் தொடங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி விழுந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த ஃபாக்டரியில்தான் கான்ட்ராக்டில் இருந்தார். பர்மனென்ட் ஆகிறவர்களின் பெயர் எந்த நாளும் வரலாம் என்றிருந்த நேரம். "இந்தத் தெருக்காரன்னு தெரிஞ்சாலே கேட்ல நிறுத்திடுவாங்கக்கா" என்று காலை நாஷ்டா தட்டின் முன்னால், சாப்பிடாமல் இட்லியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரம்தான் முட்டைக்காரம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். புருஷனுக்கு டீக்கலர் வேண்டும். அவருடையது என்று இருந்த ஒரே படம் கேட் பாஸுக்கு எடுத்தது. அதன் நெகட்டிவ் நைனாவிடம் இருந்தது. பெரிதாக அச்செடுத்துக் காட்டியபோது முட்டைக்காரம்மா சட்டைக் காலரை விரலால் தொட்டார்.

"இந்தச் சட்ட அவருதில்லியே."

"இல்லம்மா. கடைச் சட்ட."

"இருக்கட்டும் தம்பி. நல்லாத்தான் கீது. அப்புடியே இருக்கட்டும்."

டோனிங் போடும்போது தானும் உள்ளே வருவேன் என்று நின்றுவிட்டார். வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று நைனா சொன்னதற்கு, "எம் புருசன நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?" என்றார். நைனா கதவைத் திறந்துவிட்டார்.

முதல் தட்டில் படம் இறங்கியது. சட்டை போயிற்று. கன்னம் போயிற்று. முட்டைக்காரம்மா என் தோளை இறுக்கினார். மீசையும் போனதும் கத்தியேவிட்டார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? எங்கய்யா எங்க ஊட்டுக்காரரு?"

"வருவாரும்மா, இரு, வருவாரு."

நைனா அவசரமாக அலசி இரண்டாவது தட்டில் போட்டார். அவர் வந்தார். டீ நிறத்தில், கடைச் சட்டையில், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த மீசையோடு. முட்டைக்காரம்மா தட்டின் மேல் குனிந்து அழுதார். அழுகிற மூக்கு உறிஞ்சத்தானே செய்யும். உறிஞ்சினவர் அப்படியே நின்றார். இன்னொரு முறை உறிஞ்சினார். நிமிர்ந்தார்.

"தம்பி. இதான்யா அது."

"எது?"

"நாத்தம்! இந்த நாத்தத்துக்குத்தான்யா ஊரே எம் முட்டைய திட்டிக்கினு கீது!"

நைனா தட்டுக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோனார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாறுது நைனா. எப்பவுமே நாறுது" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முட்டைக்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உயிரோட இருக்கும்போது குளிக்கச் சொன்னா கேக்க மாட்டாரு. இப்பவும் நாறிக்கினே வராரு பாரு" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். கதவருகே போய்த் திரும்பினார்.

"நீயே போயி சொல்லிடு தம்பி. நாஞ் சொன்னா முட்டைய விக்கறதுக்கு சொல்றான்னுவாங்க. படம் காயட்டும். அப்பறம் வந்து வாங்கிக்கறேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய வாக்குவாதம். சொன்னால் கடையைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றாள் அம்மா. சொல்லாவிட்டால் திங்கட்கிழமையோடு தன் வேலை போகும் என்றார் மாமா. "இன்னாடா பேஜாரு இது" என்று நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஞாயிறு மாலை, தெரு ஆண்கள் டீக்கடை பெஞ்சில் கூடியிருந்தபோது, மருந்து பாட்டிலோடு போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். அவர் பேச்சில் வல்லவர் இல்லை. "மோந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி மூடியைத் திறந்தார்.

பெஞ்சு காலியாயிற்று.

"மூடுண்ணா, மூடு! பாலு திரிஞ்சிடப் போவுது!" என்று டீக்கடைக்காரர் அலறினார். ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அட்டையெல்லாம் எழுதி வெச்சிட்டேனேய்யா" என்றார். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கடல் காத்து அடிக்கும்போது போட்டுக்க. மேலக் காத்துல போடாத. சாக்கடையில ஊத்தாத. இன்னொரு தபா மேலக் காத்துல நாறுச்சின்னா, ஷட்டர இழுத்துக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போயிடணும். சரியா?"

"சரி" என்றார் நைனா. "சத்தியமா."

தலைவர் நேராக முட்டைக்காரம்மாவிடம் போய் இரண்டு முட்டை வாங்கி, எல்லோரும் பார்க்க நின்றுகொண்டே சாப்பிட்டார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்ட விதம்.

நைனா மாடியில் ஒரு குச்சி நட்டு, அதில் வீணான ஃபிலிம் சுருள் ஒன்றைக் கட்டினார். அது மேற்குப் பக்கம் பறந்தால் கடல் காற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கலக்குவார். கழிவுத் தண்ணீருக்குக் காலி மனையில் குழி வெட்டினார். போட்ட ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நாளையும் காற்றையும் எழுதத் தொடங்கினார். வைகாசியில் கல்யாணப் படங்கள் குவிந்தன. புது மாப்பிள்ளைகள் வாசலில் வந்து, "காத்து வந்துச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் கொலுசு வெள்ளையாகவே இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் நிறையச் சிரித்த மாதம் அது.

ஆனி பிறந்ததும் காற்று திரும்பியது. ஆடியில் கேட்கவே வேண்டாம். ஃபிலிம் சுருள் தெருப் பக்கமே பறந்துகொண்டிருந்தது. நைனா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஆடி முழுக்க அவர் ஒரு டீக்கலரும் போடவில்லை. ஆனால் நாற்றம் வந்தது. தினமும் இல்லை, சில காலைகளில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில்.

"ஸ்டுடியோக்காரரு ஆரம்பிச்சிட்டாரு" என்றது தெரு. டீக்கடைக்காரர்கூட ஜோக் அடிக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. தலைவர் வந்து ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சத்தியம் பண்ணியே நைனா."

"நான் போடல. பாருங்க, எல்லாத்துலயும் எழுதி வெச்சிருக்கேன்." நைனா படங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"நீ எழுதறதுதான?"

அந்த ஒரு வாக்கியத்துக்கு நைனா சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். கடை போகும் என்பதைவிட, தன் வாய்ச்சொல்லை நம்பவில்லை என்பதுதான் அவரைத் தின்றது. ஆடி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார். ஃபாக்டரிக்குள் என்ன நடக்கிறது என்று மாமாவிடம் கேட்டால், "உள்ள ஆயிரம் நாத்தம் கீது. இது அதுல எதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று நழுவினார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம். இப்போது இல்லை; பர்மனென்ட் லிஸ்ட் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. அவள்தான் கொலுசைத் தேய்க்கிறவள். நைனா கடல் காற்றுக்குக் காத்திருந்த வாரங்களில் வெள்ளி கறுக்கவில்லை, நாற்றம் இருந்தால்தான் கறுக்கிறது என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. தலைவரை வரவழைத்து, என் இரண்டு கொலுசையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று முன்னால் வைத்தாள்.

"மருந்து பாட்டில ஊர வுட்டே அனுப்பிடறோம். ஒரு கொலுசு துணியில சுத்தி என் பெட்டியில இருக்கட்டும். இன்னொண்ணு தெருவுல தொங்கட்டும். ஆடி முடியறப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வெள்ளையா இருந்தா நாங்க போயிடறோம். கறுத்துச்சின்னா அது எங்க மருந்து இல்ல."

தலைவர் யோசித்தார். "உங்க ஊட்டாண்ட தொங்கக் கூடாது. பொதுவான ஆளுகிட்ட தரணும்."

பொதுவான ஆள் யார்? டீக்கடைக்காரர் நைனாவின் சிநேகிதர். தலைவர் எதிர்க்கட்சி. தெருவே யோசித்து ஒரே பெயரைச் சொன்னது. நைனாவால் நஷ்டப்பட்டவர், நைனாவுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர்: முட்டைக்காரம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். நைனாவும் ஆட்டினார்.

பாட்டிலை மாமா ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கொண்டுபோய், தன் சிநேகிதர் ஒருவருடைய கழனி பம்பு செட்டில் வைத்துவிட்டு வந்தார். மூடி சரியாக இறுகவில்லை. "வழி பூரா எல்லாரும் என்னையே பாத்தாங்கக்கா. ஒரு கெழவி வவுத்துக்கு ஓமத்தண்ணி குடின்னு சொல்லிட்டு எறங்கிப் போறா" என்றார். அந்த மாதத்தில் நைனா சிரித்தது அப்போது மட்டும்தான்.

கொலுசை முட்டைக்காரம்மா தன் மூங்கில் காலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். இன்னொன்று அம்மாவின் பெட்டிக்குப் போய்விட்டதால் நான் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனேன். போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. அப்புறம் இளம் பழுப்பு. "டீக்கலரு ஆவுது பாரு பாப்பா" என்பார் முட்டைக்காரம்மா, ஏதோ தானே கழுவி எடுப்பதுபோல. பிறகு கத்தரிப்பூ நிறம் கலந்து, கடைசியில் கறுப்பு. தட்டில் படங்கள் எழுந்து வந்ததுபோலவே கொலுசும் எழுந்து வந்தது. அதற்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடித்தது.

ஆடி கடைசியில் தலைவர் இரண்டு கொலுசையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தார். ஒன்று நிலா மாதிரி, ஒன்று கரி மாதிரி. டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார்: "ஸ்டுடியோ மூடிக் கெடந்தா இன்னா, கொலுசே போட்டோ புடிச்சிக்கினு இருந்துருக்கு!" தெரு சிரித்தது. தலைவர் நைனாவின் கையைப் பிடித்து, "மனசுல வெச்சிக்காத நைனா" என்றார். பிறகு தன் பழைய அட்டைகளைத் தூசு தட்டி எடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தெரு ஃபாக்டரி கேட்டுக்குப் போயிற்று. மறிக்கவில்லை, கேட்கத்தான் போனார்கள். மாமா அன்று லீவு போட்டுவிட்டார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து குறித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஃபாக்டரியின் பின்பக்கக் கால்வாயை மூடிக் குழாய் போட்டார்கள். நாற்றம் நின்றது. அதற்குள் ஆடிக் காற்றும் நின்றிருந்தது என்பதையும் நான் இங்கே குறிக்க வேண்டும். மாமா அடுத்த வருடம் பர்மனென்ட் ஆனார். நைனா கடைசி வரை காற்றை எழுதுவதை நிறுத்தவில்லை. அவரை அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படவும் இல்லை.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், செவ்வாப்பேட்டையில் என் மகள் வீட்டில், பேரனுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து ஊட்டினேன். அவனுக்குப் பெயர் வைத்தபோது வந்த வெள்ளிக் கிண்ணத்தில். குழந்தை பாதியில் தூங்கிவிட்டது. கிண்ணத்தை மறந்துபோய், சாயங்காலம் கழுவ எடுத்தேன். உள்பக்கம் வைக்கோல் நிறம். அடியில், முட்டை ஒட்டியிருந்த இடத்தில், நல்ல டீக்கலர்.

குழாயைத் திறந்தபடியே நின்றேன். "இன்னாம்மா, தண்ணி போவுது" என்று மகள் சொன்ன பிறகுதான் மூடினேன்.

ஊரெல்லாம் கூடி யோசித்து, சந்தேகமே வராத ஆள் என்று, கொலுசை முட்டை டப்பாவுக்கு மேல் தொங்கவிட்டோம்! முட்டை நாறவில்லை என்று நிரூபித்தாகிவிட்டதால், அதன் பக்கம் மறுபடி யாருடைய புத்தியும் போகவில்லை. படித்தவர், படிக்காதவர், நைனா, தலைவர், அம்மா, எல்லோரும் தலையாட்டினோம்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது முட்டைக்காரம்மாவின் மருமகளைத் தேடிப் போய்ப் பார்த்தேன். முட்டைக்காரம்மா இப்போது உயிரோடு இல்லை. சுவரில் அவர் புருஷன் கடைச் சட்டையில் கொஞ்சமும் வெளுக்காமல் இருக்கிறார். நைனா சொன்னது சரி. பக்கத்தில் இன்னொரு டீக்கலர்: முட்டைக்காரம்மா தன் கடையில், மூங்கில் காலில் கொலுசு, கீழே திறந்த டப்பா. ஆடி முடிந்து, கொலுசை எங்களிடம் திருப்பித் தருவதற்கு முன் நைனா எடுத்து, கடல் காற்று வரக் காத்திருந்து போட்டுக் கொடுத்த படம். நான் தொடக்கத்தில் சொன்ன குறிப்பு அதன் பின்னால்தான் இருக்கிறது. ஃபிரேம் இற்றுப் போயிருந்ததால் அந்தப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

மருமகளிடம் கொலுசைப் பற்றிக் கேட்டேன்.

"அத்த சொல்லிக்கினே இருப்பாங்கக்கா, உங்க கொலுச பத்தி. வெள்ளியாச்சே, ராத்திரில வெளிய வுடுவாங்களா? தோடு, முட்ட வித்த டப்பு எல்லாம் அந்த அவிச்ச முட்ட டப்பாவுலதான் போட்டு வெப்பாங்க. யாரும் கை வுட மாட்டாங்கன்னு. அதுலதான் இதையும் வெச்சிருப்பாங்க."

"வெச்சிருப்பாங்களா, வெச்சாங்களா?"

"நான் அப்பறம்தானேக்கா கல்யாணம் ஆயி வந்தேன்."

ஆகவே, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே எழுதி வைக்கிறேன். அந்த ஆடியில் நைனா தட்டைத் தொடவில்லை. அதற்கு நானே சாட்சி. தெருவில் நாற்றம் வந்தது. அதற்கும் நானே சாட்சி. கொலுசு கறுத்தது, இதோ, போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீக்கலரில் எல்லாமே பழுப்பு. கொலுசைக் கறுக்க வைத்தது ஃபாக்டரிக் காற்றா, டப்பா முட்டையா, அல்லது இரண்டுமா என்பதும், இராத்திரிகளில் அது அந்த டப்பாவில் இருந்ததா என்பதும், இருந்திருந்தால் முட்டைக்காரம்மா விவரம் தெரிந்தே வைத்தாரா என்பதும் இன்று வரை உறுதியாகவில்லை. அவர் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிய அன்று, அதில் முட்டை வாசனை அடித்ததா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்க்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தெருவில் அப்போது எல்லாமே முட்டை வாசனைதான்.